கடையைக் கட்டினது யாருக்கு? வணிக இணையத்தள வடிவமைப்பின் முப்பது வருசக் கதை

ஃபேஸ்புக்கைத் தட்டிக்கொண்டு போனால் பத்து நிமிசத்துக்குள் ஒரு விளம்பரமாவது வந்துவிடும். உங்கள் வணிகத்துக்கு ஒரு தொழில்முறை இணையத்தளம், ஐந்து பக்கம், லோகோ இலவசம், முதல் வருச ஹோஸ்ரிங் இலவசம். எங்கட பாட்ச்சிலேயே இந்த வேலையைச் செய்து கைச்செலவுக்கு உழைக்கிற ஆக்கள் இருக்கினம். இது கணினி படித்தவர்களின் விசயம், கலைப்பீடத்துக்கு இதில் என்ன வேலை எண்டு கேட்கலாம். ஆனால் இந்தத் தொழிலுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. முப்பது வருசத்தைக் கொஞ்சம் தாண்டிய அந்த வரலாற்றுக்குள் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. ஓர் இணையத்தளம் யாருக்காகக் கட்டப்படுகிறது? காசு கொடுக்கிற முதலாளிக்கா, வாசலில் வந்து நிற்கிற ஆளுக்கா?

எங்கட வாசிப்பில், இந்தத் தொழில் வாசலில் நிற்கிறவரை மறந்த ஒவ்வொரு முறையும் எங்கேயோ ஒரு விழுக்காடு நடந்திருக்கிறது. அந்த விழுக்காடுகளின் வழியாகவே இந்தக் கதையைச் சொல்லிப் பார்க்கிறோம்.

வாசிப்பவரின் கையில் இருந்த பக்கம்

1989 மார்ச்சில், ஜெனீவாவுக்குப் பக்கத்தில் இருக்கிற சேர்ன் பௌதிகவியல் ஆய்வுநிலையத்தில் வேலை செய்த டிம் பேர்ணர்ஸ்-லீ என்ற ஆங்கிலேயர், ஆய்வாளர்களின் ஆவணங்களை ஒன்றோடொன்று இணைக்க ஒரு முன்மொழிவு எழுதினார். 1991இல் உலகத்தின் முதலாவது இணையத்தளம் வெளியாட்களுக்கும் திறந்தது. 1993 ஏப்ரல் 30ஆம் திகதி, இந்தத் தொழில்நுட்பத்தை யாரும் கட்டணம் இல்லாமல் பாவிக்கலாம் என்று சேர்ன் எழுத்தில் அறிவித்தது. வணிகங்கள் உள்ளே வருவதற்கான கதவைத் திறந்துவிட்டது அந்த அறிவிப்புத்தான்.

அந்த முதல் பக்கங்கள் எழுதப்பட்ட எச்ரிஎம்எல் மொழியில் ஒரு குணம் இருந்தது. இது தலைப்பு, இது பந்தி, இது பட்டியல் என்று மட்டும் அது சொல்லும். எழுத்து எவ்வளவு பெரிசு, எந்த நிறம், வரி எங்கே உடையும் என்பதையெல்லாம் வாசிப்பவரின் கணினியில் இருக்கிற உலாவி தீர்மானிக்கும். கண் மங்கலான ஒருவர் எழுத்தைப் பெரிதாக்கி வாசிக்கலாம். சின்னத் திரை என்றால் வரிகள் தாமாகச் சுருங்கும். பக்கத்தின் தோற்றத்தில் கடைசிச் சொல் வாசகருடையது.

1993இல் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் இருந்து மொசைக் என்ற உலாவி வந்தது. எழுத்துக்கு நடுவிலேயே படத்தைக் காட்டியது அதன் பெரிய கவர்ச்சி. 1994 ஒக்ரோபரில் ஹொட்வயர்ட் என்ற இணையச் சஞ்சிகை, பக்கத்தின் மேலே நீளப்பட்டையாக விளம்பரங்களைப் போடத் தொடங்கியது. ஏரி அண்ட் ரி தொலைபேசி நிறுவனத்தின் பட்டை அந்த முதல் வரிசையில் இருந்தது. விளம்பரத்தைச் சொடுக்கினால் போய்ச் சேர ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தை யார் கட்டிக்கொடுப்பது?

அப்படி ஒரு தொழிலே அப்போது இருக்கவில்லை. சஞ்சிகைப் பக்கம் அமைத்தவர்கள், சீடி-ரொம் செய்தவர்கள், பல்கலைக்கழக மாணவர்கள் எண்டு பலதும் பத்துமாய் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். சான்பிரான்சிஸ்கோவில் 1993இல் ஓர்கானிக், நியூயோர்க்கில் 1995இல் ரேசர்ஃபிஷ், ஏஜென்சி டொட் கொம் எண்டு நிறுவனங்கள் முளைத்தன. இணையத்தளம் கட்டித் தருவது கூலிக்குச் செய்யும் ஒரு வேலையானது இப்படித்தான்.

கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளி

அச்சுத் துறையில் இருந்து வந்தவர்களுக்கு எச்ரிஎம்எல் பெரிய ஏமாற்றம். சஞ்சிகையில் ஒரு படத்தை இந்த இடத்தில்தான் வைக்க வேண்டும் என்றால் அது அங்கேதான் இருக்கும். இங்கே அந்தப் பிடி இல்லை. காசு கொடுக்கிற நிறுவனமோ, தன்னுடைய அச்சுக் கையேடு எப்படி இருக்கிறதோ அப்படியே திரையிலும் வேணும் எண்டு நின்றது.

அதற்கு ஒரு குறுக்கு வழி கிடைத்தது. எண்களையும் தரவுகளையும் வரிசைப்படுத்திக் காட்டத்தான் அட்டவணைகள் எச்ரிஎம்எல்லுக்குள் வந்தன. 1995 அளவில் நெற்ஸ்கேப் உலாவி அட்டவணைகளைக் காட்டத் தொடங்கியதும், வடிவமைப்பாளர்கள் அதன் கோடுகளை அழித்துவிட்டு, பக்கம் முழுவதையும் கண்ணுக்குத் தெரியாத பெட்டிகளாகப் பிரித்தார்கள். இடைவெளி வேண்டிய இடத்தில் ஒரேயொரு புள்ளி அளவுள்ள, நிறமே இல்லாத படத்தை வைத்து இழுத்து நீட்டினார்கள். 1996இல் டேவிட் சீகல் எழுதிய வடிவமைப்புக் கையேடு இந்த வித்தையை உலகம் முழுக்கப் பரப்பியது. புத்தகம் நன்றாக விற்றது. அடுத்த வருசமே அதே சீகல், இணையம் பாழாகிவிட்டது, பாழாக்கியது நான்தான் எண்டு பொருள்படும் தலைப்போடு ஒரு கட்டுரை எழுதினார். தன் தொழிலின் வெற்றியையே இவ்வளவு சீக்கிரம் திரும்பிப் பார்த்துக் குற்றம் சொன்ன ஒருவரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம்.

இதற்கு மாற்று வழி ஏற்கெனவே இருந்தது. ஹோகோன் வியூம் லீ என்ற நோர்வேக்காரர் 1994 ஒக்ரோபரில், அவரும் சேர்னில் இருந்தபோது, உள்ளடக்கத்தையும் தோற்றத்தையும் பிரித்து எழுதும் சீஎஸ்எஸ் முறையை முன்வைத்தார். 1996 டிசம்பரில் அது நியமமாக ஏற்கப்பட்டது. அதன் மூல யோசனையில் ஓர் அழகான பேச்சுவார்த்தை இருந்தது: எழுதியவரும் தன் விருப்பத்தைச் சொல்லலாம், வாசிப்பவரும் தன் விருப்பத்தைச் சொல்லலாம், இரண்டையும் உலாவி சமன்செய்யும். ஆனால் நெற்ஸ்கேப்பும் மைக்ரோசொஃப்ட்டும் அந்த நேரம் உலாவிச் சண்டையில் இருந்தன. ஒன்றில் சரியாகத் தெரிகிற பக்கம் மற்றதில் குலைந்துபோகும். ஒரே தளத்தை இரண்டு தரம் கட்டவேண்டிய நிலை. அதன் செலவு வாடிக்கையாளரின் தலையில்தான் விழுந்தது. இதற்கு எதிராக 1998இல் ஜெஃப்ரி செல்ட்மன் உட்பட சில வடிவமைப்பாளர்கள் இணைய நியமங்களுக்கான இயக்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். தொழிலாளிகள் தங்கட கருவிகளைச் செய்கிற பெரிய கம்பனிகளோடு மல்லுக்கட்டிய கதை அது.

பூ டொட் கொம்

ஜோன் ஓல்சொப் என்ற அவுஸ்திரேலியர் 2000 ஏப்ரலில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அச்சில் இருக்கிற பிடியை இணையத்திலும் தேடாதீர்கள், பக்கம் நெகிழ்வது இந்த ஊடகத்தின் பலம், அதைக் குறையாகப் பார்க்காதீர்கள் என்பது அதன் சாரம். அடுத்த மாதமே, அவர் சொன்னதைக் கேட்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு பெரிய சாட்சி கிடைத்தது.

லண்டனைத் தளமாகக் கொண்ட பூ டொட் கொம் உடுப்புகளை இணையத்தில் விற்கும் கடை. ஏர்ன்ஸ்ட் மால்ம்ஸ்டன், கைசா லியாண்டர் என்ற சுவீடன்காரர்கள் இன்னொருவரோடு சேர்ந்து தொடங்கியது. 1999 நவம்பரில் பல நாடுகளில் ஒரே நேரத்தில் திறந்தார்கள். உடுப்பைச் சுழற்றிப் பார்க்கலாம், பொம்மை உருவத்துக்குப் போட்டுப் பார்க்கலாம், மிஸ் பூ எண்டு ஒரு கணினிப் பெண் வழிகாட்டுவார். இண்டைக்கும் சில கடைகளில் இல்லாத வசதிகள்.

ஆனால் அந்த நாட்களில் வீடுகளில் இருந்தவர்கள் தொலைபேசி வயரில்தான் இணையத்துக்குள் போனார்கள். அதன் உச்ச வேகம் செக்கனுக்கு 56 கிலோபிற். கணக்குப் பார்த்தால் ஒரு மெகாபைற் இறங்க இரண்டு நிமிசத்துக்கு மேல் வேணும். அதுவும் வயர் சரியாக வேலை செய்தால். ஃபிளாஷும் ஜாவாஸ்கிரிப்டும் நிறைந்த அந்தப் பக்கங்கள் அந்த வயருக்குள்ளால் ஊர்ந்துதான் வந்தன. அப்பிள் மக் கணினி வைத்திருந்தவர்கள் தொடக்கத்தில் உள்ளே போகவே முடியவில்லை. கடை திறந்திருக்கிறது, வாசல் மட்டும் மூடியிருக்கிறது.

2000 மே மாதம் பூ மூடப்பட்டது. 18 மாதத்துக்குள் சுமார் 135 மில்லியன் அமெரிக்க டொலர் கரைந்திருந்தது. வடிவமைப்பு மட்டும்தான் காரணம் எண்டு சொன்னால் அது பொய். கைமீறிய செலவு, ஒரே நேரத்தில் பல நாடுகளுக்குள் கால் வைத்தது, அந்த மார்ச்சில் தொடங்கிய டொட்-கொம் பங்குச் சரிவு எல்லாம் சேர்ந்துதான் அதை விழுத்தின. ஆனாலும் வாங்க வந்தவரைக் காக்க வைத்த கடை என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது.

பெரிய வடிவமைப்பு நிறுவனங்களும் அந்தச் சரிவில் அடிபட்டன. அதே 2000இல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சிப் பேட்டியில், நீங்கள் உண்மையில் என்னதான் செய்கிறீர்கள் என்ற எளிய கேள்விக்கு ரேசர்ஃபிஷ் நிறுவனர்கள் விளங்கக்கூடிய ஒரு பதிலைச் சொல்ல முடியாமல் திணறியது இன்றும் அந்தக் காலத்தின் அடையாளமாக நினைவுகூரப்படுகிறது. நல்ல காலத்தில் பெரிய சொற்களையே வாடிக்கையாளருக்கு விற்கலாம். கெட்ட காலத்தில் அவர், இதால எனக்கு என்ன வந்தது எண்டு கேட்பார்.

சிட்னியில் ஒரு வழக்கு

வாசலில் நிற்பவர் என்று பேசும்போது எல்லாருக்கும் கண் தெரியும் எண்டு நாங்கள் நினைத்துக்கொள்கிறோம். புரூஸ் மக்வயர் பார்வையற்றவர். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கின் உத்தியோகபூர்வ இணையத்தளத்தைத் தன் கணினியால் வாசிக்க முடியவில்லை என்று அவுஸ்திரேலிய மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டார். படங்களுக்குப் பதில் எழுத்து விளக்கம் கொடுக்கப்படவில்லை, போட்டி முடிவுகளின் அட்டவணைகளை வாசிப்பு மென்பொருளால் பின்தொடர முடியவில்லை என்பவை அவருடைய முறைப்பாட்டில் இருந்தன. திருத்துவதற்குப் பெரும் செலவும் நீண்ட காலமும் ஆகும் என்று ஏற்பாட்டுக் குழு வாதிட்டது. ஆணைக்குழு அதை ஏற்கவில்லை. கடைசியில் 20,000 அவுஸ்திரேலிய டொலர் நட்டஈடு கொடுக்க வேண்டியதாயிற்று.

அமெரிக்காவில் டார்கெற் கடைச் சங்கிலிக்கு எதிராகப் பார்வையற்றோரின் தேசியச் சம்மேளனம் 2006இல் தொடுத்த வழக்கு, 2008இல் 6 மில்லியன் டொலர் இணக்கத்தில் முடிந்தது. இணையத்தளமும் கடை வாசல்தான், அந்த வாசலில் சாய்தளம் இருக்க வேண்டும் என்ற எண்ணம் இப்படி வழக்குகளின் வழியாகத்தான் வணிகங்களுக்குள் இறங்கியது. தானாக வந்த நல்ல மனம் எண்டு நினைக்க வேண்டாம்.

தமிழ் எழுத்து நின்ற இடம்

இதே காலத்தில் தமிழ் வாசகர் எங்கே நின்றார்?

ஒருங்குறியின் முதல் பதிப்பிலேயே, 1991இல், தமிழுக்கு இடம் கொடுக்கப்பட்டிருந்தது. ஆனால் சாதாரணக் கணினிகளில் அது வேலை செய்ய வருசங்கள் எடுத்தன. விண்டோஸ் 2000இல்தான் மைக்ரோசொஃப்ட் தமிழ் ஒருங்குறிக்கு வசதி செய்தது. அதுவரைக்கும் ஆங்கில எழுத்துகள் இருக்க வேண்டிய இடங்களில் தமிழ் எழுத்தின் உருவத்தை வைத்து ஏமாற்றுவதுதான் வழி. எங்கட அச்சகங்களில் இண்டைக்கும் புழங்குகிற பாமினி அப்படிப்பட்ட எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பாமினியில் அடித்த அம்மா, ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளியும் கலந்த ஒரு குப்பையாகத் தெரியும்.

ஒவ்வொரு தளமும் ஒவ்வொரு எழுத்துரு. வாசிக்க வருகிறவர் முதலில் எழுத்துருவை இறக்கிக் கணினியில் போட வேண்டும். இல்லாவிட்டால் தமிழ் வரிகளையே படமாக மாற்றிப் பக்கத்தில் ஒட்டினார்கள். படமானால் எல்லாக் கணினியிலும் தெரியும். ஆனால் மெதுவாக இறங்கும், தேடுபொறியால் வாசிக்க முடியாது, மக்வயர் போன்ற ஒருவரின் மென்பொருளுக்கு அது வெறும் வெற்றிடம். இந்தச் சிக்கலைத் தீர்க்க 1997இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று தமிழ் இணைய மாநாட்டை நடத்தினார். 1999இல் சென்னையில் அடுத்த மாநாடு கூடி, விசைப்பலகைக்கும் எழுத்துக் குறியாக்கத்துக்கும் பொது நியமங்களை முன்வைத்தது.

அந்த நேரம் ஒரு கடைக்குத் தமிழில் தளம் செய்வது இரட்டிப்புத் தலையிடி என்பது விளங்குகிறது. ஆங்கிலத்தில் செய்தால் எழுத்துருப் பிரச்சினையே இல்லை. விளங்காதது அதற்குப் பிறகு நடந்தது. தடை போய் இருபது வருசத்துக்கும் மேலாகிவிட்டது. எந்த மலிவான போனிலும் தமிழ் அழகாகத் தெரிகிறது. 2010இல் ‘.இலங்கை’ என்று முடிகிற தமிழ் முகவரிகளுக்கே அனுமதி கிடைத்துவிட்டது. ஆனாலும் நாங்கள் பார்த்த அளவில், தமிழர் கடை, தமிழர் வாடிக்கை என்றிருக்கிற இடங்களின் இணையத்தளங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே கிடக்கின்றன. தமிழ் வருகிற இடம் மேலே உள்ள பதாகைப் படம், அதுவும் பாமினியில் அடித்துப் படமாக்கியது. தொழில்நுட்பம் விட்ட பிறகும் பழக்கம் விடவில்லை. ஆங்கிலத்தில் இருந்தால்தான் தொழில்முறை எண்டு முதலாளியும் நினைக்கிறார், செய்து கொடுக்கிறவரும் நினைக்கிறார். வாசலில் நிற்கிற அம்மாவை யாரும் கேட்கவில்லை.

சட்டைப்பைக்குள் வந்த திரை

பூ விழுந்த பிறகும் ஃபிளாஷ் மோகம் குறையவில்லை. உணவகம் என்றால் தளத்தைத் திறந்தவுடன் இசை, ஆவி பறக்கிற கோப்பை, பிறகு சுழன்று வருகிற பெயர். மெனுவும் தொலைபேசி இலக்கமும் எங்கேயோ உள்ளே. ஐஃபோன் 2007இல் ஃபிளாஷ் இல்லாமலேயே வந்தது. 2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜொப்ஸ், ஃபிளாஷை ஏன் ஏற்கமாட்டோம் என்று ஒரு திறந்த கடிதம் எழுதினார். அப்பிளுக்கு அதில் வணிக லாபமும் இருந்தது என்பதை மறக்கக்கூடாது. கடைசியில் 2020 டிசம்பர் 31ஆம் திகதியோடு அடோபி நிறுவனம் ஃபிளாஷைக் கைவிட்டது. எத்தனையோ பேர் இரவிரவாய் இருந்து செய்த வேலை அதோடு திறக்க முடியாததாகிப் போனது.

ஜொப்ஸின் கடிதம் வந்த அடுத்த மாதம், 2010 மேயில், ஈதன் மார்கொற் என்ற வடிவமைப்பாளர் ஒரு கட்டுரை எழுதினார். போனுக்கு ஒரு தளம், கணினிக்கு ஒரு தளம் என்று தனித்தனியாகக் கட்டாமல், ஒரே பக்கம் திரைக்கு ஏற்ப நெகிழட்டும் என்றார். பத்து வருசத்துக்கு முந்தைய ஓல்சொப்பின் கட்டுரையை நினைவுபடுத்தித்தான் அவர் தொடங்கினார். 2015 ஏப்ரலில் கூகிள், போனில் ஒழுங்காகத் தெரிகிற பக்கங்களுக்குப் போன் தேடலில் முன்னுரிமை கொடுக்கத் தொடங்கியதும், யோசிக்காத நிறுவனங்களும் யோசித்தன. சேர்னின் முதல் பக்கம் தானாகவே செய்த வேலைக்கு, இந்தத் தொழில் இருபது வருசம் சுற்றி வந்து சேர்ந்தது.

வாடகை வீடு

இதற்கிடையில் கட்டுவதும் மலிந்தது. 2003இல் வந்த வேர்ட்பிரஸ் இலவசம். உலகத்தில் இருக்கிற இணையத்தளங்களில் நூற்றுக்கு 40க்கு மேல் இன்று அதில்தான் ஓடுகின்றன எண்டு கணக்கிடுகிறார்கள். 2006இல் வந்த விக்ஸ் போன்றவை, கோட் எழுதாமலே இழுத்து வைத்துக் கட்டலாம் என்றன. எங்கட நண்பர்கள் விற்கிற ஐந்து பக்கப் பொதி சாத்தியமானது இவற்றால்தான். இனி வடிவமைப்பாளர் எதற்கு எண்டு ஒவ்வொரு முறையும் ஒரு கதை வரும், இப்ப செயற்கை நுண்ணறிவை வைத்தும் அதே கதை வருகிறது.

2007இன் கடைசியில் ஃபேஸ்புக் வணிகங்களுக்கான பக்கங்களைத் திறந்தது. காசு இல்லை, ஆள் வேண்டாம், வாடிக்கையாளரும் அங்கேயே இருக்கிறார். சின்னக் கடைகள் அங்கே போனதில் பிழை சொல்ல முடியாது. ஆனால் அது வாடகை வீடு. திறப்பு வேறு ஒருவரின் கையில். இதை இலங்கையில் இருக்கிற எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம் மக்கள் மீது வன்முறை நடந்தபோது அரசாங்கம் ஒரு வாரமளவில் ஃபேஸ்புக்கை முடக்கியது. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதி போராட்ட நேரத்திலும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. 2021 ஒக்ரோபர் 4ஆம் திகதியோ யாரும் முடக்காமலே, அந்த நிறுவனத்தின் சொந்தக் கோளாறால், ஃபேஸ்புக்கும் இன்ஸ்ராகிராமும் வட்ஸப்பும் உலகம் முழுக்க ஆறு மணித்தியாலமளவில் நின்றுபோயின. அங்கே மட்டும் கடை வைத்திருந்தவருக்கு அந்த நாட்களில் கடையே இல்லை.

சொந்தத் தளம் வைத்திருந்தாலும் இன்னொரு வாடகை ஒளிந்திருக்கும். டொமைனைச் செய்து கொடுத்தவர் தன்னுடைய பெயரிலேயே பதிந்துவிடுவார். ஆள் வெளிநாடு போனால், அல்லது இரண்டு பேருக்கும் கதை வழக்கு முறிந்தால், வருசக் கட்டணம் கட்ட ஆளில்லாமல் முகவரி கைவிட்டுப் போகும். சட்டப்படி பெயர்ப்பலகை கடைக்காரருடையதாகவே இருந்ததில்லை.

ஆகவே இந்த வேலையைச் செய்கிற எங்கட வயசு ஆக்களிடம் வரலாறு கேட்கிற விசயங்கள் பெரிசில்லை. டொமைனைக் கடைக்காரரின் பெயரில், அவருடைய மின்னஞ்சலில் பதிந்து கொடுங்கோ. தமிழை எழுத்தாகவே போடுங்கோ, படமாக்க வேண்டாம். செய்து முடித்ததைப் பல்கலைக்கழக வைஃபையில் பார்த்து மகிழாமல், டேட்டா முடியப்போகிற ஒரு பழைய போனில், பஸ்ஸுக்குள் வைத்துத் திறந்து பாருங்கோ. தொலைபேசி இலக்கமும் கடை திறக்கிற நேரமும் முதல் திரையிலேயே தெரிகிறதா? படங்களுக்கு எழுத்து விளக்கம் இருக்கிறதா? முதலாளி, பதாகையில் இன்னும் கொஞ்சம் மினுக்கம் போடுங்கோ தம்பி எண்டு கேட்டால், 135 மில்லியன் டொலர் மினுக்கத்தின் கதையை அவருக்குச் சொல்லலாம். கட்டணம் கொடுப்பவர் அவர்தான். ஆனால் அந்தக் கட்டணம் வருவதே, பஸ்ஸுக்குள் இருந்து பழைய போனில் தமிழில் தேடுகிற அந்த ஆளிடம் இருந்துதான்.